ஒரே மரத்துக்கு இரண்டு உயரம்

மரம் அளக்கிறவன் கண் எப்போதும் மேலே இருக்கும். முள்ளும் கல்லும் கட்டிப்போட்ட எருமையும் எப்போதும் கீழே இருக்கும். இதுதான் இந்தத் தொழிலின் சுருக்கம்.

ஒட்டடை அடிக்கும் அன்பர்களே, தென்னையில் ஆளை ஏற்றிவிட்டுக் கீழே நின்று வழிகாட்டுகிறவர்களே, ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் மொட்டை மாடியைப் பார்த்து "இன்னும் கொஞ்சம் திருப்பு, இன்னும் கொஞ்சம்" என்று ஆன்டெனாவுக்காகத் தொண்டை வறளக் கத்தியவர்களே, நீங்களெல்லாம் என் இனம். அண்ணாந்து பார்த்துப் பிழைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

எண்பதுகளின் நடுவில் ராஜபாளையத்தில் ஞானமுத்து சாரின் சர்வே ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்தேன். நிலம் அளப்பதுதான் சாரின் தொழில். ஆனால் மர வியாபாரிகளும் மில்காரர்களும், வீட்டோரம் பெரிய மரம் வைத்துக்கொண்டு பயப்படுகிறவர்களும் வந்து கேட்கக் கேட்க, மரம் அளப்பதும் ஒட்டிக்கொண்டது. அந்த வேலைக்கு நானும் வேலுச்சாமியும். எங்கள் ஆயுதம் ஒரு நீளமான டேப், ஒரு கிளினோமீட்டர். கிளினோமீட்டர் என்றால் பயப்பட வேண்டாம். உள்ளங்கையில் அடங்குகிற சாமான். ஒற்றைக் கண்ணால் அதற்குள் பார்த்தால், மர உச்சி நம் கண்ணிலிருந்து எத்தனை டிகிரி மேலே இருக்கிறது என்று காட்டும். அந்தக் கோணத்தையும் மரத்துக்கும் நமக்கும் உள்ள தூரத்தையும் வைத்துக் கணக்குப் போட்டால் உயரம் வந்துவிடும்.

பெரும்பாலான மரங்களில் ஒரு அடி முன்னே பின்னே போனால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. மம்சாபுரத்து இலவ மரம் மட்டும் அப்படி இல்லை. அதற்குப் பக்கத்து வீட்டில் ஒரு பச்சைப் பிள்ளையின் தொட்டில் கட்டியிருந்தது. நாங்கள் சொல்கிற உயரம் கூடினால் மரம் போய்விடும். குறைத்துச் சொல்லி, அது தப்பாகவும் இருந்து, ஆடிக் காற்றும் அடித்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே முடியாது. அந்தக் கதைக்கு வருகிறேன். அதற்கு முன்னால் எங்கள் லட்சணம் உங்களுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

கண்ணில் முளைத்த மரம்

முதல் மரம் ஒரு மில் காம்பவுண்டில் நின்ற தைல மரம். ஞானமுத்து சார் சொல்லிக்கொடுத்த வித்தை சுலபமானது. உச்சியைப் பார்த்துக்கொண்டே பின்னால் போக வேண்டும். கோணம் சரியாக நாற்பத்தைந்து டிகிரி வந்ததும் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து மரத்தடிவரை எவ்வளவு தூரமோ அதுதான் உயரம். நான் டேப்பைப் பிடித்துப் பார்த்துவிட்டு எண்பத்தைந்து அடி என்றேன். சார் தொண்ணூறு என்றார். மறுபடியும் அளந்தேன். மறுபடியும் எண்பத்தைந்து. சார் என் பக்கத்தில் வந்து நின்று, என்னை உச்சி முதல் உள்ளங்கால்வரை ஒரு தடவை பார்த்தார். "ஏம்ப்பா, மரம் தரையில இருந்து முளைச்சிருக்கா, உன் கண்ணுல இருந்து முளைச்சிருக்கா?" என்றார். கருவி என் கண்ணில் இருக்கிறது. கண்ணுக்குக் கீழே கிடக்கிற ஐந்தடி மரத்தை நான் சேர்க்கவே இல்லை.

அதற்குப் பிறகு சார் ஆபீஸ் கதவு நிலையில் எங்கள் இருவரின் கண் மட்டத்துக்கும் பென்சிலால் கோடு போட்டுவைத்தார். வேலுச்சாமி நெட்டை, நான் குட்டை. யார் அளந்தாலும் அவரவர் கோட்டைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று ஏற்பாடு. நிலம் அளக்கச் சொல்லி வந்த ஒரு சம்சாரி அந்தக் கோடுகளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சாரிடம் வருத்தத்தோடு சொன்னார்: "சார் பிள்ளைகளா? பெரியவன் நல்லா வளந்துட்டான். சின்னவனுக்குத்தான் தினமும் ஒரு முட்டை குடுத்துப் பாருங்க."

அதைப் பனையில சொல்லுங்க

கான்சாபுரத்தில் வாய்க்கால் கரையில் ஒரு மருத மரம். பனையேறியாக இருந்து பிறகு விவசாயத்துக்கு வந்த ஒருவருக்கும் அவர் மச்சினனுக்கும் அந்த மரத்தின் மேல் ஒரு பந்தயம். இவர் நாலு பனை உயரம் என்கிறார். மச்சினன் மூன்று பனைக்கு மேல் ஒரு இலைகூட இல்லை என்கிறான். பேச்சு முற்றி, சம்பந்தி வீட்டுக் கல்யாணத்துக்கே போகமாட்டேன் என்கிற அளவுக்கு வந்த பிறகு எங்களைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அளந்து பார்த்துத் தொண்ணூற்றாறு அடி என்றேன். இருவரும் தலையாட்டினார்கள். பிறகு "அது கெடக்கட்டும், அதைப் பனையில சொல்லுங்க" என்றார் பெரியவர். எந்தப் பனை என்று கேட்டேன். அவர் தன் வயலோரம் நின்ற ஒரு இளம்பனையிடம் கூட்டிப்போனார். அளந்தால் இருபத்து நாலடி. மச்சினன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தன் கிணற்றோரம் நின்ற பனையிடம் போனான். அது முப்பத்திரண்டு. அதாவது நாலு பனையும் சரி, மூன்று பனையும் சரி. நான் சமாதானமாக, இனிமேல் எல்லோரும் அடியிலேயே பேசிவிட்டால் சண்டை வராதே என்று சொல்லிப்பார்த்தேன். பெரியவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "அடியெல்லாம் உங்களுக்கு சார். நான் இத்தனை வயசுக்கு அடியில ஏறுனதே இல்ல, பனையிலதான் ஏறியிருக்கேன்."

ஓடிப்போன உச்சி

படர்ந்த மரத்தில் உச்சி எது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு. கிட்டத்தில் நின்று பார்த்தால் நம் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிற ஏதாவது ஒரு கிளை, நான்தான் உச்சி என்று ஏமாற்றிவிடும். பின்னால் போகப் போகத்தான் நிஜமான உச்சி அதற்கு அந்தப் பக்கத்திலிருந்து மெதுவாகத் தலையைக் காட்டும். செண்பகத்தோப்பில் ஒரு தனியார் தோப்போரம் நின்ற நாவல் மரத்தில் நானும் வேலுச்சாமியும் இப்படித்தான் ஆளுக்கொரு உச்சியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அவன் பார்க்கிற கிளையை நான் பார்க்க முடியவில்லை, நான் சொல்கிற கிளை அவனுக்குப் புரியவில்லை. "ஏலே, வலது பக்கம், அந்தக் கவட்டைக்கு மேல" என்று பத்துத் தடவை சொன்னேன்.

அந்த நேரம் பார்த்து ஒரு சாம்பல் அணில், பூனைத் தண்டி இருக்கும், நான் சொன்ன கொழுந்துக்கே போய் உட்கார்ந்தது. "அந்த அணிலைப் பாரு, அதுதான் உச்சி, அதை விட்டுராதே" என்று கத்தினேன். வேலுச்சாமி விடவில்லை. அணில் தாவியது, அவனும் கருவியோடு கூடவே திரும்பினான். சாவகாசமாகக் கோணத்தைப் படித்துச் சொன்னான். நானும் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, அவன் படித்தது பக்கத்து மரத்தின் கோணம். அங்கே ரோந்து வந்த வனக்காவலர் ஒருவர் இவ்வளவையும் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். போகும்போது எங்களிடம் அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார்: "அணிலை அளக்கணும்னா மத்தியானமா வாங்க சார். அப்பத்தான் அது செத்த நேரம் படுத்திருக்கும்."

கோபுரத்துக்கு மேலேயா?

எங்கள் பக்கத்தில் எந்த மரத்தை அளந்தாலும் உயரத்தைச் சொன்னதும் அடுத்த கேள்வி ஒன்றுதான்: ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை விடப் பெரிசா? இதற்குப் பதில் இல்லை என்பது கேட்கிறவருக்கே தெரியும். இருந்தாலும் கேட்பார்.

ராஜபாளையத்தில் ஒரு மில் முதலாளி. வீட்டில் தெலுங்கு, மில்லில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். தன் தோப்பில் நின்ற ஒரு பெரிய மரத்தின் மேல் அவருக்குக் கொள்ளைப் பெருமை. அளந்து முடிக்கிறவரைக்கும் அவர் உட்காரவே இல்லை. வேட்டியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பின்னாலேயே நடந்தார். நான் உயரத்தைச் சொன்னேன். "கோபுரத்தை விட?" என்று மெதுவாகக் கேட்டார். பாதிகூட இருக்காது ஐயா என்றேன். முகம் சுருங்கிப்போயிற்று. எனக்கே பாவமாக இருந்தது. ஒரு டம்ளர் மோர் குடித்து முடிப்பதற்குள் அவருக்கு முகம் தெளிந்துவிட்டது. "நல்லதாப் போச்சு, போங்க. கூட இருந்திருந்தா நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கோயிலுக்குப் போறது?"

கூனமரம் ஒண்ணு

இனி மம்சாபுரம். தொண்ணூறுகள் பிறந்துவிட்டிருந்தன, எங்களுக்கும் கொஞ்சம் பெயர் வந்திருந்தது. ராஜபாளையத்தில் பஸ் ஏறி, எங்களை அளக்கக் கூப்பிட்டிருந்த அந்தோணியம்மாள் சொல்லி அனுப்பிய ஸ்டாப்பின் பெயரைச் சொல்லி, "கூனமரம் ஒண்ணு" என்று டிக்கெட் வாங்கினேன். ஜன்னலோரம் இடம் கிடைக்கவில்லை. ஒரு கோழிக்கூடைக்கும் ஒரு பெரியவருக்கும் நடுவில் நின்றுகொண்டே போனேன்.

அந்தோணியம்மாளின் வீட்டுக்காரர் மில்லில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். மகள் பிரசவத்துக்கு வந்து, பிள்ளை பெற்று, இன்னும் தாய் வீட்டிலேயே இருந்தாள். பின்னறையில் தொட்டில். அந்த அறைச் சுவருக்கு எதிரே, வேலிக்கு அந்தப் பக்கம், செல்லத்தாய் என்பவரின் தோட்டத்தில் அந்த இலவ மரம். போன ஆடிக் காற்றில் அதிலிருந்து ஒரு கிளை முறிந்து அந்தோணியம்மாள் முற்றத்தில் வந்து விழுந்ததாம். அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு வளர்ந்து, கடைசியில் பேச்சே இல்லாமல் போய்விட்டது. அதற்கு முன்னால் இரண்டு வீடும் ஒரு வீடு மாதிரிதான். அந்தோணியம்மாள் வீட்டுத் தலையணை எல்லாமே அந்த மரத்துப் பஞ்சுதான் என்று அவரே சொன்னார். கிறிஸ்துமஸ் பலகாரம் வேலிக்கு மேலே அந்தப் பக்கம் போகும். பொங்கல் இந்தப் பக்கம் வரும்.

தெருக்காரர்கள் கூடி ஒரு முடிவு சொல்லியிருந்தார்கள். மரத்தடியிலிருந்து அந்தோணியம்மாளின் சுவர்வரை தூரம் தொண்ணூற்றிரண்டு அடி. இது இரண்டு பேருக்கும் சம்மதம். மரத்தின் உயரம் அதற்கு மேல் இருந்தால் வெட்டிவிட வேண்டியது. குறைவாக இருந்தால் யாரும் வாய் திறக்கக் கூடாது. அளக்கப் போன என்னிடம் அந்தோணியம்மாள் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "நம்ம முற்றத்துல நின்னே அளங்க சார். அவ மண்ணுல கால் வைக்கப்படாது." மரம் அப்படியே என் வீட்டுமேல வந்து நிக்குது என்றும் சொன்னார். பயந்தவர்களுக்கு எல்லா மரமும் தங்கள் வீட்டுமேல்தான் நிற்கும் என்று நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மரத்தைச் சுற்றி நெருக்கமாகத் தென்னை. தண்டு சரியாகத் தெரியவில்லை. உச்சி மட்டும் பளிச்சென்று தெரிந்தது. சுவரை ஒட்டி நின்று கோணம் பார்த்தேன். கண் மட்டத்தை மறக்காமல் சேர்த்தேன். நூற்று இருபத்திரண்டு அடி வந்தது.

சொன்னதும் சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அந்த அம்மாள் அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "அப்ப வெட்டணும்ல?" என்றார். கண்ணில் தண்ணீர் நின்றது. "ஒரு எழுவது எம்பதுன்னு சொல்லுவியன்னு நெனச்சேனே சார்."

வளர்ந்தும் சுருங்கியும்

மூன்றாம் நாள் செல்லத்தாயே எங்கள் ஆபீஸுக்கு வந்துவிட்டார். விதவை, தனியாகத் தோட்டம் பார்க்கிறவர். குரல் மட்டும் ஒரு தெருவுக்குக் கேட்கும். "அவ கூட்டியாந்த ஆளு அவ வாசல்ல நின்னு அளந்தா அவளுக்குத் தோதாத்தான் வரும். எனக்கு வேற ஆளு விடுங்க" என்றார். என்னைக் காட்டி, "இவிய வேண்டாம்" என்று தனியாக வேறு சொன்னார். ஞானமுத்து சார் வேலுச்சாமியை அனுப்பினார். அங்கே அவனுக்கும் அதே நிபந்தனை: என் தோட்டத்துல நின்னுதான் அளக்கணும், அவ வீட்டுப் பக்கம் தலை வச்சும் பார்க்கக் கூடாது. அவன் தோட்டத்தின் கடைசியில் போய் நின்று, பொறுமையாக, உச்சியைத் தப்பில்லாமல் பிடித்து அளந்தான். எழுபத்து மூன்று அடி.

செல்லத்தாயாவது துள்ளிக் குதித்தாரா என்று அவனிடம் கேட்டேன். இல்லையாம். "எழுவத்தி மூணா? அப்ப பிள்ளை மேல விழாதுல்ல? நெசமா விழாதுல்ல?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். அவன் விழாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். அவன் சொன்னது தப்பாக இருந்து, அதை நம்பி அந்தத் தொட்டில் அங்கேயே தொங்கினால்? நான் சொன்னது தப்பாக இருந்து, அதை நம்பி நாளைக்கே மரத்தில் கோடாரி வைத்துவிட்டால்? ஆபீஸில் நாங்கள் இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த இரண்டு பெண்களின் வியாதி எங்களுக்கும் ஒட்டிக்கொண்டது.

தெருக் கூட்டத்துக்குத் தலைமை ஓய்வுபெற்ற ஒரு தபால்காரர். நாங்கள் உயரம் எழுதிக்கொடுத்த இரண்டு காகிதத்தையும் எடுத்துக்கொண்டு நேராக எங்கள் ஆபீஸுக்கே வந்தார். இரண்டிலும் ஒரே முத்திரை, ஒரே கையெழுத்து, ஒரே மரம். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு சாரைப் பார்த்தார். "முப்பது வருசம் தபால் குடுத்திருக்கேன் சார், எத்தனையோ வினோதம் பாத்திருக்கேன். திங்கக்கிழமை வளந்து வியாழக்கிழமை சுருங்குற மரத்த இன்னைக்குத்தான் பாக்கேன்."

பஸ் ஜன்னல்

சார் எங்களைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "ரெண்டு பேரும் சேர்ந்து போங்க. ஒரு உயரத்தோட வாங்க. இல்லாட்டி வராதீங்க" என்றார். அன்றைக்கு பஸ்ஸில் கூட்டம் இல்லை. "கூனமரம் ரெண்டு" என்று டிக்கெட் வாங்கிவிட்டு ஆளுக்கொரு ஜன்னலில் உட்கார்ந்தோம். பேச்சுவார்த்தை கிடையாது. ஸ்டாப் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ரோட்டிலிருந்து பக்கவாட்டில் வயல்களுக்கு அப்பால் செல்லத்தாயின் தோட்டம் தெரிந்தது. தென்னைகளுக்கு மேலே இலவ மரம். வேலுச்சாமி எழுந்து நின்றுவிட்டான். நானும் எழுந்துவிட்டேன். மரம் அடியிலிருந்தே சாய்ந்து, அந்தோணியம்மாள் வீட்டுப் பக்கமாகக் குனிந்து நின்றது.

நமக்கு நேராகக் குனிகிறவரை முன்னாலிருந்து பார்த்தால் தலை நம் மூக்குக்கு முன்னால் வந்துவிடும். முதுகுப் பக்கமிருந்து பார்த்தால் ஆள் பாதியாகத் தெரிவார். அவ்வளவுதான் விஷயம். நான் நின்ற பக்கம் உச்சி எனக்குக் கிட்டே வந்திருந்தது, கோணம் கூடிவிட்டது. அவன் நின்ற பக்கம் உச்சி விலகிப்போயிருந்தது, கோணம் குறைந்துவிட்டது. நாங்களோ உச்சி மரத்தடிக்கு நேர் மேலேதான் இருக்கிறது என்று கணக்குப் போட்டிருந்தோம். அவரவர் மண்ணிலேயே நிற்க வைத்து அந்த இரண்டு பெண்களும் எங்களைச் சரியாகத் தப்பான இரண்டு இடங்களில் நிறுத்திவிட்டார்கள். எந்தப் பக்கமும் சேராமல் குறுக்கே போய் நின்றிருந்தால் முதல் நாளே தெரிந்திருக்கும். "சாஞ்சுல நிக்குது! இதை யாருமே சொல்லலையே!" என்று நான் பஸ் அதிரக் கத்தினேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். "ஏன் சார், கூனமரம் கூனமரம்னு கேட்டுத்தான டிக்கெட் வாங்குதிய? பொறவும் அதுக்கு என்ன பேரு வைக்கச் சொல்லுதிய?"

நின்றால் ஒன்று, விழுந்தால் ஒன்று

மரத்துக்குக் குறுக்கே, இரண்டு வீட்டுக்கும் பொதுவாக இருந்த இடம் ஒரு எருக்குழி மட்டும்தான். இரண்டு பேருடைய மாட்டுச் சாணமும் பல வருஷமாக அங்கேதான் சேர்கிறது. சண்டைக்குப் பிறகும் அதை மட்டும் பிரிக்கவில்லை. அதன் மேட்டில் ஏறி நின்றேன். கால் புதைந்தது. வேலுச்சாமி, கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற தூக்குக்குண்டை நூலில் கட்டிக் கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, உச்சிக்கு நேர் கீழே தரையில் எந்த இடம் என்று பார்த்து ஒரு குச்சி நட்டான். அது மரத்தடியிலிருந்து அந்தோணியம்மாள் வீட்டுப் பக்கம் இருபத்தைந்து அடி தள்ளி இருந்தது. இரண்டு பெண்களும் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, ஒருவரையொருவர் பார்க்காமல், எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தோணியம்மாள் தோளில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தது. தபால்காரரும் வந்துவிட்டார்.

நான் இரண்டு தடவை அளந்தேன். வேலுச்சாமி இரண்டு தடவை அளந்தான். எல்லாத் தடவையும் ஒன்றுதான் வந்தது. உயரம் தொண்ணூறு அடி. தொண்ணூற்றிரண்டுக்கு இரண்டடி குறைவு. மரம் பிழைத்துக்கொண்டது. தபால்காரர் கூட்டம் முடிந்தது என்று துண்டை உதறித் தோளில் போட்டார். எனக்கு மட்டும் எருக்குழியை விட்டு இறங்க மனம் வரவில்லை. அவர்கள் கேட்டது உயரம். மரம் விழும்போது உயரமா விழுகிறது? நீளம்தானே விழுகிறது! நேராக நிற்கிற மரத்துக்கு இரண்டும் ஒன்று. சாய்ந்த மரத்துக்கு நீளம் கூட. அதையும் கணக்குப் போட்டேன். கிட்டத்தட்டத் தொண்ணூற்று மூன்றரை அடி வந்தது.

வேலுச்சாமியைப் பார்த்தேன். அவனும் அதே கணக்கைப் போட்டு முடித்திருந்தான். சொல்லாமல் போனால் மரம் தப்பும்; யாரும் எங்களைக் கேட்கப்போவதும் இல்லை. அந்தப் பிள்ளை வாயைத் திறந்துகொண்டு பாட்டியின் தோளில் எச்சில் வழியத் தூங்கியது. என்னால் முடியவில்லை. "நின்னா தொண்ணூறு அடிதான். ஆனா விழுந்தா, சுவரைத் தாண்டி ஒரு முழம் உள்ள வரும்" என்று சொல்லிவிட்டேன்.

செல்லத்தாய் தன் வலது கையை மடக்கி நீட்டி, முழங்கையிலிருந்து விரல் நுனிவரை பார்த்தார். "முழம்னா இம்புட்டா?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்றேன். அந்தக் கையை அப்படியே வைத்துக்கொண்டு பிள்ளையைப் பார்த்தார். அதன் நீளமும் ஏறக்குறைய அவ்வளவுதான் இருந்தது. "உச்சியில ஒரு ஆள் மட்டத்துக்கு வெட்டி எறக்கிப்போடுவோம்" என்றார். குரல் வழக்கத்துக்குப் பாதிதான் வந்தது.

உடனே பதில் வந்தது வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து. "உச்சியிலதான் காய் அம்புட்டும் கெடக்கு. அதை எதுக்கு வெட்ட? நான் தொட்டில முன்னறைக்கு மாத்திக்கிடுதேன்." அந்தோணியம்மாள் அதைத் தபால்காரரைப் பார்த்துச் சொன்னார், ஆனால் யாருக்குச் சொன்னார் என்று தெருவுக்கே தெரியும். செல்லத்தாய்க்கு அந்த நிமிஷம் பழைய குரல் முழுசாகத் திரும்பிவிட்டது. வேலியைப் பிடித்துக்கொண்டு, அத்தனை மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக நேருக்கு நேர் பார்த்துக் கத்தினார். எனக்குக் கண் கலங்கியது. எருக்குழி நெடியினால் என்று வேலுச்சாமியிடம் சொல்லிக்கொண்டேன். செல்லத்தாய் கத்தியது இதுதான்: "ஏட்டி அந்தோணி, இது என் மரம்! என் மரத்த வெட்டக் கூடாதுன்னு சொல்ல நீ யாருட்டி?"

அடுத்த வாரமே உச்சியும் இறங்கியது, தொட்டிலும் இடம் மாறியது. ஒரே மரத்துக்கு மூன்று உயரமும் ஒரு நீளமும் சொல்லிவிட்டு உதை வாங்காமல் ஊர் வந்து சேர்ந்த அளவுக்காரர்கள் எங்கள் ஜில்லாவில் நாங்கள் இரண்டு பேர்தான்.